நார் எண்ணும் மேசையிலிருந்து

மார்ச் 4
நுரையீரல் துண்டுகள் ஃபார்மலினில் வந்திருக்கின்றன. பாய்லர் குழாய்களுக்கு வெப்பக்காப்பு சுற்றும் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டதாம். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) விஷயத்தில் இது சகஜம்தான். நோய் தலைகாட்டவே 20, 30 வருடம் பிடிக்கும். கட்டி இருக்கும் பகுதியை விட்டுவிட்டு, மேல் மடல், கீழ் மடல் இரண்டிலும் துண்டு எடுத்தேன். நார் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தங்குவதில்லை.

மார்ச் 5
ஒரு துண்டைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் போட்டாயிற்று. சதை கரைந்துவிடும், நார் கரையாது. பக்கத்துத் துண்டு உலர்கிறது. உலர்ந்த எடையில் கிராமுக்கு எத்தனை என்றுதான் முடிவைச் சொல்ல வேண்டும். கரைசலை முன்பே வடிகட்டி, திசு போடாத வெற்று மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டுகிறேன். வெற்று மாதிரியில் நார் தெரிந்தால் அத்தனையும் வீண். இதைச் செய்யாத அறிக்கையை நான் நம்புவதில்லை.

மார்ச் 6
வடிதாளை மைக்ராஸ்கோப்பில் வைத்ததுமே ஆஸ்பெஸ்டாஸ் பாடி, அதாவது உடம்பு மேற்பூச்சு பூசிய கல்நார், கண்ணில் பட்டது. நடுவில் ஒளி ஊடுருவும் மெல்லிய நேர்க்கோடு. அதன்மேல் பொன்பழுப்புப் பூச்சு மணிமணியாக, முனைகள் இரண்டும் டம்பெல் போல உருண்டு. நீள நாரை முழுசாக விழுங்க முடியாத மேக்ரோஃபேஜ் செல்கள் (அந்நியப் பொருளை விழுங்கிச் சுத்தம் செய்பவை) இரும்பும் புரதமும் பூசி விட்டுவிடுகின்றன. அந்த இரும்பால்தான் பெர்ல்ஸ் சாயத்தில் நீலமாகத் தெரியும். நடுக்கோடு கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் கரி. எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

கல்நார் நோய்களைக் கணிக்க நிபுணர்கள் வகுத்த 1997 ஹெல்சிங்கி அளவுகோல்படி, உலர் திசுவில் கிராமுக்கு 1000 ஆஸ்பெஸ்டாஸ் பாடிக்கு மேல் இருந்தால் வேலையிடத்தில் கல்நார்த் தூசியைச் சுவாசித்திருக்க வாய்ப்பு மிக அதிகம். இவருக்கு அதைத் தாண்டிவிட்டது.

மார்ச் 10
எலக்ட்ரான் மைக்ராஸ்கோப். பூச்சே இல்லாத நார்கள்தான் எப்போதும் அதிகம், 0.2 மைக்ரானுக்கும் மெல்லியவை சாதாரண மைக்ராஸ்கோப்பில் தப்பிவிடும். நாரில் என்னென்ன தனிமங்கள் என்று காட்டும் எக்ஸ் கதிர் வரைபடத்தில் சிலிக்கான், இரும்பு, கொஞ்சம் மக்னீசியம். அப்படியானால் அமோசைட் என்ற கல்நார் வகை. கூடவே சோடியம் வந்திருந்தால் குரோசிடோலைட் என்ற இன்னொரு வகை என்று யோசித்திருப்பேன்.

மார்ச் 12
வேறொருவர், சிமென்ட் ஷீட் ஆலைக்காரர். நுரையீரலைக் கழுவி எடுத்த நீர் மட்டும் வந்தது. மில்லிலிட்டருக்கு ஒரு ஆஸ்பெஸ்டாஸ் பாடிக்கு மேல் இருந்தாலே கவனிக்க வேண்டும். இதில் ஒன்றுகூட இல்லை. "அப்போ இவர் தூசியே சுவாசிக்கலையா அக்கா?" என்றான் புதிதாகச் சேர்ந்த பையன். அப்படிச் சொல்லிவிட முடியாது. சிமென்ட் ஷீட்டில் சேர்ப்பது பெரும்பாலும் கிரைசோடைல் என்ற கல்நார் வகை. அது நுரையீரலில் உடைந்து, கரைந்து, சீக்கிரம் வெளியேறிவிடும், பூச்சும் அவ்வளவாகப் பிடிக்காது. அது போனாலும் அது செய்த சேதம் போகாது.

"இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடிக்கச் சொன்னார்கள். நான் "இம்மாதிரியில் காணப்படவில்லை; இதை வைத்து கல்நார்த் தூசியைச் சுவாசிக்கவில்லை எனக் கொள்ள முடியாது" என்றே எழுதினேன். படிவத்தில் 'ஷீட் ஆலை' என்று மட்டும்தான் இருக்கிறது. எந்தப் பிரிவு, எத்தனை வருடம், உலர்ந்த ஷீட்டை அறுத்தாரா நனைத்து அறுத்தாரா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.