ஜாம் எம்எஸ்: பெரியம்மாவின் கேள்விகளை வைத்துப் படித்த கதை

ஜாம் ரிசல்ட் வந்துவிட்டது (ஐஐடி மாதிரி இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதும் நுழைவுத் தேர்வு; நான் எழுதியது எம்எஸ், அதாவது மேத்தமேட்டிக்கல் ஸ்டேட்டிஸ்டிக்ஸ் தாள்). நினைத்த ஐஐடி கிடைக்குமா என்பது முதல் லிஸ்ட் வந்தால்தான் தெரியும், ஆனால் எங்கேயாவது ஒரு எம்.எஸ்சி. சீட் உண்டு என்கிற ரேங்க், அதுவே இப்போதைக்குப் போதும். எந்தப் புத்தகம், எத்தனை மாக் டெஸ்ட் என்பதையெல்லாம் எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்குக் கைகொடுத்தது வேறு: வீட்டில் யார் எதைக் கேட்டாலும் பேனா எடுக்காமல், ஃபார்முலா சொல்லாமல் பதில் சொல்வது.

ஸ்டேட்டிஸ்டிக்ஸ் படிக்கிறவனைச் சும்மா விடுவார்களா? "மூணும் பொண்ணு, நாலாவது பையன்தானேடா வரணும்?" என்று பெரியம்மா பக்கத்து வீட்டுக்காக ஆரம்பித்தார். நாலும் பெண்ணாக இருக்க 1/16தான், சரி. ஆனால் மூன்று பேர் ஏற்கெனவே பிறந்து ஸ்கூலுக்கே போகிறார்கள், இனி மிச்சம் இருப்பது ஏறக்குறைய 1/2 மட்டும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் மாமாவின் ரத்தப் பரிசோதனை. "பாசிட்டிவ்னு வந்தா வியாதி உறுதிதானே?" இங்கேதான் என் ஒரே வித்தை: எந்தக் கூட்டத்தில் என்று முதலில் கேட்டுவிட்டு, 10,000 பேரை நிற்க வைப்பது. நூற்றில் ஒருவருக்கு வியாதி, டெஸ்ட் அதில் 90% பேரைப் பிடிக்கும், வியாதி இல்லாதவர்களிலும் 5% பேரைத் தப்பாகப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 நோயாளிகளில் 90, மீதி 9,900 பேரில் 495. ஆக 585 பாசிட்டிவில் நிஜம் 90தான், அதாவது 2/13. இதற்கான ஃபார்முலாவான பேயஸ் தேற்றத்தை மனப்பாடம் செய்தவர்கள் பின்னத்தின் கீழே எதைப் போடுவது என்று தடுமாறும் இடம் இது. கண்டிஷனல் கணக்கு (இது நடந்துவிட்டது என்றால் அதற்கு என்ன வாய்ப்பு என்று கேட்பது) எது வந்தாலும் ஆட்களாக மாற்றிவிடுங்கள், நம்பர் தானாக விழும்.

பஸ் கேள்வியும் அருமையானது. சராசரியாக 10 நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக 5 நிமிஷம் காத்திருந்தால் போதுமா? இடைவெளி 5, 15 என்று மாறி மாறி வந்தால் 6.25 ஆகிறது, ஏனென்றால் நீங்கள் போய் நிற்பது பெரும்பாலும் அந்த நீண்ட இடைவெளிக்குள்தான். இதைத் தங்கைக்கு விளக்கி முடித்தபோது, சைஸ் பயாஸ் (பெரியதுதான் அதிகம் நம் கையில் மாட்டும் என்பது) எனக்கே அன்றைக்குத்தான் பிடிபட்டது.

பரீட்சை ஹாலுக்கு:

- ஏ பகுதியில் (நாலு ஆப்ஷனில் ஒன்றுதான் சரி, தப்பானால் அந்தக் கேள்வி மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு போகும்) குருட்டடி அடித்தால் எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது சராசரியாகக் கிடைக்கும் மார்க், சரியாக பூஜ்யம். ஒரு ஆப்ஷனை உறுதியாகக் கழித்துவிட்டால் 1 மார்க் கேள்வியில் 1/9, 2 மார்க்கில் 2/9. அடியுங்கள். நான் பயந்த சுபாவம், இரண்டைக் கழித்தால்தான் அடித்தேன்.
- பி-யிலும் (ஒன்றுக்கு மேல் ஆப்ஷன் சரியாக இருக்கலாம்) சி-யிலும் (விடை நம்பரை நாமே டைப் செய்வது) நெகட்டிவ் கிடையாது. காலியாக விட்டு வருவது பாவம்.
- சி-யில் எத்தனை தசமம் கேட்கிறான் என்று பார்த்துவிட்டு டைப் செய்யுங்கள்.
- கோச்சிங் ஷார்ட்கட் நோட்ஸ் ஒன்று காசு கொடுத்து வாங்கினேன். வயிற்றெரிச்சல், விடுங்கள்.
- சீக்வென்ஸ், சீரிஸ், மேட்ரிக்ஸுக்கு இந்த வித்தை ஆகாது. ஐகன் வேல்யூ (மேட்ரிக்ஸ் கணக்கில் வருவது) என்னவென்று எந்தப் பெரியம்மாவும் கேட்கப் போவதில்லை, அதைப் பழைய கேள்வித்தாளை வைத்து உட்கார்ந்து போட்டே ஆக வேண்டும்.