எம்டன் சுடவில்லை: சுக்கானிப் பூட்டனாரின் மௌத்துத் தேதி கிடைத்தது

கடைசியில் தேதி கைக்கு வந்துவிட்டது. 1914 நவம்பர் 6, வெள்ளிக்கிழமை. நாகூரிலிருந்து பாய்மரக் கப்பலில் சுக்கானியாக, அதாவது சுக்கான் பிடிப்பவராக, வந்த எங்கள் பூட்டனார் பினாங்கில் மௌத்தானது (இறந்தது) அன்றைக்குத்தான். "எம்டன் (முதல் உலகப் போரில் வந்த ஜெர்மன் போர்க்கப்பல்) சுட்டதில் போய்விட்டார்" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதையை இனி எங்கள் வீட்டில் அப்படியே சொல்ல முடியாது. எம்டன் பொய்யாக ஒரு நாலாவது புகைபோக்கியை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் துறைமுகத்துக்குள் புகுந்து, ரஷ்யாவின் செம்சுக் கப்பலை மூழ்கடித்தது அக்டோபர் 28, புதன்கிழமை. நடுவில் ஒன்பது நாள் இருக்கிறது.

ஆதாரம், சாச்சா வீட்டு மரப்பெட்டியில் இருந்த கணக்கு நோட்டு. அரிசி, பாக்கு, வட்டி என்று போகிற பக்கத்தின் ஓரத்தில் அர்வியில் (அரபு எழுத்தில் எழுதும் தமிழ்) ஒரே ஒரு வரி: ஆனந்த வருஷம், ஐப்பசி 21, துல்ஹஜ் பிறை 17, வெள்ளி, ஜும்ஆவுக்கு முந்தி, பினாங்கில் சுக்கானி மௌத்து. ஆங்கில வருடமும் இல்லை, ஹிஜ்ரி வருடமும் இல்லை. இந்த வரியோடுதான் இவ்வளவு நாள் மல்லுக்கட்டினேன்.

முதலில் அந்த 21. எழுதியிருப்பது அரபு எண்ணில். அதில் 2-க்கும் 3-க்கும் மேலே ஒரு பல் கூடக் குறைய இருப்பதுதான் வித்தியாசம். மை ஊறிப் பரவிய இடத்தில் அது 21-ஆ 31-ஆ என்று லென்ஸ் வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. ஆனால் ஐப்பசிக்கு 29 அல்லது 30 நாள்தான், 31 கிடையவே கிடையாது. ஆக 21. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் வருடம். ஆனந்த வருடம் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும். எங்கள் பூட்டனார் விஷயத்தில் 1854 அல்லது 1914. வயதை வைத்துப் பார்த்தால் 1914 என்று யாரும் சொல்லிவிடலாம். எனக்குக் கணக்கு வேண்டியிருந்தது. 60 தமிழ் வருடத்துக்கு 21,915 நாளும் இன்னொரு அரை நாளும். ஏழால் வகுத்தால் மிச்சம் ஐந்தரை. அதாவது ஒரு சுற்றில் வெள்ளிக்கிழமை விழுந்த தேதி, அடுத்த சுற்றில் திரும்பவும் வெள்ளியில் விழவே முடியாது. கிழமை ஐந்தோ ஆறோ நகர்ந்திருக்கும். பெயர் மட்டும் போட்ட தமிழ் வருடத்தோடு தவிக்கிறவர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: கிழமை எழுதியிருந்தால் பக்கத்துச் சுற்றோடு குழப்பமே இல்லை. 1914-ல் ஐப்பசி 1 அக்டோபர் 17. ஐப்பசி 21 நவம்பர் 6, வெள்ளி. 1854-ல் அதே தேதியை எப்படிப் போட்டாலும் சனி அல்லது ஞாயிறுதான்.

பிறைக் கணக்கும் ஒத்துவந்தது. 1854 நவம்பர் தொடக்கத்தில் ஸபர் மாதம், துல்ஹஜ் பக்கத்திலேயே இல்லை. 1914-ல் கணக்குப்படி ஹஜ்ஜுப் பெருநாளான துல்ஹஜ் 10 அக்டோபர் 30, அதுவும் வெள்ளி. பிறை பார்த்ததில் ஒரு நாள் முன்பின் இருக்கலாம். ஆனால் "பெருநாள் கழிந்த மறு வெள்ளி" என்று மூத்த லாத்தா தன் உம்மா சொல்லக் கேட்டதாக எப்போதும் சொல்வார். அதைச் சரிபார்த்து அவருக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "நான் அப்பவே சொல்லலையா தம்பி?" என்றார்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் தேதி மாற்றிகள் சில, சித்திரை 1 என்றாலே ஏப்ரல் 14 என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகின்றன. 1914-ல் அது ஏப்ரல் 13. பின்னால் போகப் போக இன்னும் நகரும். நான் நம்பியது எல்.டி. சுவாமிக்கண்ணு பிள்ளையின் தேதி மாற்று அட்டவணைகளை. பழைய பஞ்சாங்கங்களுக்கு பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன். தமிழ்ப் புத்தகம் அங்கே அபூர்வம், ஆனாலும் விடுவதாயில்லை.

கப்பல் பெயர் இன்னும் தெரியவில்லை. லண்டன் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் 1915-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கப்பல் மாலுமிப் பட்டியல் இணையத்திலேயே தேடக் கிடைக்கிறது. நமக்கு வேண்டியதோ அதற்கு முந்தின வருடம். 1863 முதல் 1938 வரையிலான பட்டியல்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இருக்கிறது. ஆனால் சோழமண்டலக் கரைப் பாய்மரங்களை அங்கே தேடிப் பயனில்லை என்றே நினைக்கிறேன். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தொகுப்பில் கப்பல் வரவுப் பத்திகளைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். தமிழ் முஸ்லிம் கப்பல்காரர்களின் பட்டப்பெயரான மரைக்காயர் என்பதை மரைக்கார், மெரிக்கன் என்று ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடாமல் ஒன்றும் சிக்காது.

இனி கபுர், அதாவது அவரை அடக்கிய இடம். ஜாலான் பேராக் கபுர்ஸ்தானில்தான் அடக்கியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. அடக்கப் பதிவேடு கேட்டுப் போன அலுவலகத்தில், இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது எதுவும் இல்லை என்று நோட்டைத் திறக்காமலேயே அனுப்பிவிட்டார்கள். வயிறு எரிந்தது. அப்படியென்றால் மீசான் கல், அதாவது கபுரின் தலைமாட்டில் நடும் கல்தான் கதி. சாயங்கால வெயில் சாயும்போது அல்லது டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் தாழப் பிடித்தால், நேரே பார்க்கையில் வழவழப்பாகத் தெரியும் கல்லிலும் எழுத்து நிழல் விழுந்து எழும்பும். தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். கம்பி பிரஷ், குளோராக்ஸ் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். பாசியோடு எழுத்தும் போய்விடும். மலாய் முறைப்படி உருண்டைக் கல் ஆணுக்கு, தட்டைக் கல் பெண்ணுக்கு என்பதால் பாதிக் கற்களை எட்ட நின்றே தள்ளிவிடலாம். வடகிழக்கு மூலையில் சிறிய உருண்டைக் கற்கள் ஒரு வரிசை இருக்கிறது. அதில் ஒன்றில் "நாகூர்" வரைக்கும் படித்துவிட்டேன், கீழ்வரி மண்ணுக்குள் இருக்கிறது. பள்ளிவாசல் மோதினாரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். மழை விட்டதும் வரச் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் உம்மா வழிப் பாட்டனார் ரஜூலாவில் வந்த கதை வேறு காத்திருக்கிறது. 1926-லிருந்து ஓடிய கப்பல், பதிவுகள் ஏராளம். அதைத் தொட்டால் இது நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் பயணிகள் பட்டியலுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.