கச்சானுக்கு ஒரு கேட், வாடைக்கு ஒரு கேட்

திருகோணமலையில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். எங்கள் பெரிய பயம், ஐஸ் மெஷினில் குளிரூட்ட ஓடும் அமோனியா என்ற நச்சு வாயு. 2020 ஊரடங்கில் பயிற்சி எல்லாம் சூமுக்குப் போனது, பிறகு செலவு குறைவு என்று நிர்வாகம் அதையே பிடித்துக்கொண்டது. எனக்கும் அது வசதிதான். 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவுவது, இதையெல்லாம் இரவு ஷிப்ட் ஆள் வீட்டிலிருந்தே இரண்டு தரம் பார்க்கலாம். கேள்விகளுக்கு எல்லாரும் முழுப் புள்ளி எடுத்தார்கள், நானும் நம்பிவிட்டேன்.

போன ஆடியில், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில், முற்றத்தில் வைத்து ஒத்திகை செய்தோம். "கேஸ் கசிஞ்சா எந்தப் பக்கம் போவீங்க?" என்றேன். "காற்றுக்கு எதிராக" என்று சூமில் சரியாக எழுதியவர்கள் அத்தனை பேரும் மெயின் கேட்டைக் காட்டினார்கள், தினமும் வந்து போகிற வழி அதுதானே. முன்பு கடலுக்குப் போன ஒரு ஐயா மட்டும் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மெல்ல உதிர்த்தார். தூசி மெஷின் அறைப் பக்கமிருந்து நேரே கேட்டுக்குப் போனது. "கச்சான் நேரம் அங்க ஓடினா கேஸும் பின்னாலயே வரும் தம்பி. அந்தக் கேட் வாடைக்குத்தான் சரி." வாடை என்பது வடகிழக்கிலிருந்து வரும் காற்று.

நான் தயாரித்த ஸ்லைடில் கூடும் இடம் என்று பச்சை அம்புக்குறி போட்டிருந்ததும் அந்தக் கேட்டுக்குத்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே நாளில் இன்னொன்று. தீயணைப்பு சிலிண்டரை ஒரு தம்பி கையில் எடுத்தார், பதற்றத்தில் பிடியை இறுக்கி அமத்திக்கொண்டே அதன் பூட்டு ஊசியான பின்னை இழுத்தார், அது அசையவே இல்லை. அமத்தினால் பின் இறுகிவிடும், பிடியை விட்டுவிட்டு இழுக்க வேண்டும். வீடியோவில் அந்த இடம் இரண்டே விநாடி. அவருடைய விரல் சிவந்து போனதைப் பார்த்த மற்றவர்கள் வரிசையாக வந்து தாங்களும் இழுத்துப் பார்த்தார்கள். திரைக்கு முன்னால் இருந்தபோது கேள்வியே கேட்காத பெண்கள் அன்று என்னைச் சுற்றி நின்று கேட்டார்கள்.

இப்போது மெஷின் அறைக் கூரையில் காற்றுத் திசை காட்டும் துணி கட்டியிருக்கிறோம், பின்பக்கச் சுவரில் சின்னக் கேட் ஒன்றும் திறந்தாயிற்று. சட்டமும் பாடமும் சூமிலேயே இருக்கட்டும். ஆனால் கச்சான் தொடங்கும்போது ஒரு தரம், வாடை தொடங்கும்போது ஒரு தரம், எல்லாரும் முற்றத்தில் நடந்து பார்க்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். முதல் நடைக்கு அந்த ஐயாதான் முன்னால் போவார்.