அணையாத சமிக்ஞை: சிறுநீர்ப்பைக் குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று நுண்ணோக்கியில் பார்த்தது சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த, வீரியம் குறைந்த ஒரு கட்டியின் திசு. விரல்போல் நீண்ட ஒவ்வொரு கிளையின் நடுவிலும் மெல்லிய இரத்தக்குழாய் ஓட, வழக்கமாக ஏழு அடுக்குக்கு மேல் போகாத உட்படலச் செல்கள் அதைச் சுற்றித் தடித்து, ஆனாலும் வரிசை குலையாமல் நின்றன. இத்தகைய கட்டிகள் பெரும்பாலானவற்றில் எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணு மாறியிருக்கும். அது உருவாக்கும் புரதம் செல்சவ்வில் நிற்கும் ஓர் ஏற்பி. வளர்ச்சிக் காரணி வந்து சேர்ந்தால்தான் ஏற்பிகள் இரண்டிரண்டாக இணைந்து, பெருகச் சொல்லும் சமிக்ஞையை உள்ளே அனுப்பும். மிகப் பரவலாகக் காணப்படும் பிறழ்வில், புரதச் சங்கிலியின் 249ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகச் சிஸ்டீன் வந்துவிடுகிறது. இரு ஏற்பிகளின் சிஸ்டீன்களும் கந்தகப் பிணைப்பால் இறுகிக்கொள்வதால், வெளியிலிருந்து எதுவும் வராமலேயே சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

மனிதப் புற்றுநோய் மரபணுவின் வரலாறே சிறுநீர்ப்பையில்தான் தொடங்குகிறது. வைன்பெர்க், பார்பசீட், விக்லர் ஆகியோரின் அமெரிக்க ஆய்வுக்கூடங்கள், சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து வளர்க்கப்பட்ட செல்களின் டி.என்.ஏ.வை எலிச் செல்களுக்குள் செலுத்தி, அவற்றைப் புற்றுச் செல்களாக மாற்றிய ஹெச்-ராஸ் மரபணுவைப் பிரித்தெடுத்தன. அதன் பிழை டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து என்று 1982இல் தெரிந்தது: அதனால் புரதத்தின் 12ஆம் இடத்து அமினோ அமிலமான கிளைசின் வாலினாகியிருந்தது. (இதற்குப் பயன்பட்ட, அன்று டி24, ஈஜே எனத் தனித்தனியாகக் கருதப்பட்ட செல்வரிசைகள் இரண்டும் ஒன்றே என்பது பின்னர் தெரியவந்தது. செல்வரிசைகள் இப்படிக் குழம்பிப்போவதற்குச் செல் வளர்ப்பவர்கள் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.) ஆயினும் ஹெச்-ராஸ் பிறழ்வு சிறுநீர்ப்பைக் கட்டிகளில் சிறுபான்மையே. எஃப்ஜிஎஃப்ஆர்3 மாறிய கட்டியில் ராஸ் பிறழ்வு அநேகமாக இருப்பதில்லை. ஏற்பியின் சமிக்ஞை செல்லுக்குள் ராஸ் புரதங்கள் வழியாகவே கீழிறங்குவதால், இரண்டில் ஒன்று மாறினாலே கட்டிக்குப் போதும் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம்.

ஜூன் 9, திங்கள்

சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கும் கட்டிகளில், செல் பெருக்கத்துக்குத் தடை போடும் டிபி53, ஆர்பி1 மரபணுக்களின் இழப்பே முன்னிற்கிறது. ஒன்பதாம் குரோமோசோமின் இழப்பு இரு வகைகளிலும் உண்டு.

ஜூன் 12, வியாழன்

"பிள்ளைகளுக்கும் வருமா?" என்பது நோயாளிகள் தவறாமல் கேட்கும் கேள்வி. கட்டியில் காணும் எஃப்ஜிஎஃப்ஆர்3 பிறழ்வு அங்கேயே தோன்றியது, வாரிசுக்குப் போகாது. அதே பிறழ்வு கருவிலேயே நேர்ந்தால் விளைவது புற்றுநோயன்று, உயிருக்கே ஆபத்தான கடும் எலும்புக் குறுக்கம். எலும்பு வளரும் குருத்தெலும்பில் அந்தச் சமிக்ஞை வளர்ச்சியைத் தடுக்கிறது, சிறுநீர்ப்பையிலோ தூண்டுகிறது. படித்தவற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். பரம்பரையின் பங்கு வேறிடத்தில் இருக்கிறது: என்ஏடி2 நொதி மெதுவாக வேலை செய்பவர்களிடம், புகையிலையிலும் சில சாயப்பொருள்களிலும் உள்ள, சிறுநீர்ப்பைப் புற்றுக்குக் காரணமாகும் அரோமாட்டிக் அமீன்களின் நச்சு எளிதில் முறிவதில்லை.

ஜூன் 16, திங்கள்

எஃப்ஜிஎஃப்ஆர்3 ஏற்பியைத் தடுக்கும் எர்டாஃபிடினிப் என்ற மருந்து 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பாஸ்பேட்டை வெளியேற்றுமாறு சிறுநீரகத்துக்குச் சொல்லும் சமிக்ஞையும் இதே குடும்பத்து ஏற்பிகள் வழியாகச் செல்வதால், மருந்து உட்கொண்டவரின் இரத்தத்தில் பாஸ்பேட் ஏறுகிறது. பக்கவிளைவுதான், ஆனாலும் ஏற்பி அடைபட்டிருப்பதற்கு அதுவே அடையாளம் என்பதால், பாஸ்பேட் போதிய அளவு ஏறாதவர்களுக்கு மருந்தின் அளவைக் கூட்டுகிறார்கள்.