மஞ்சளின் புள்ளி தொலைந்த இடம்: மேவன் அமைவுகள் பற்றி

ஈரோட்டில் பெருந்துறை சாலையை ஒட்டிய ஒரு மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் அமர்ந்து, மஞ்சள் மண்டிகளுக்கான கணக்கு மென்பொருளை எழுதி வருகிறோம். விவசாயி கொண்டுவரும் மூட்டைகளின் எடையையும், விரலி, கிழங்கு என்ற இருவகை மஞ்சளுக்கும் தனித்தனியாக விழுந்த விலையையும் சேர்த்து, கூலி முதலியவற்றைக் கழித்து, அவர் கையில் கொடுக்கும் சீட்டைத் தமிழில் அச்சிடுவதுதான் அதன் முதன்மையான வேலை. சிவகிரியிலிருந்தும் கொடுமுடியிலிருந்தும் மஞ்சளை ஏற்றிக்கொண்டு வருபவர் தமக்கு எவ்வளவு வர வேண்டும் என்பதை இன்னொருவரிடம் கேட்காமல் தாமே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் நாங்கள் தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருக்கிறோம். ஆகவே சீட்டில் ஓர் எழுத்து பிழைபட்டாலும் அதை நாங்கள் சிறிய பிழையாக எடுத்துக்கொள்வதில்லை.

புது மஞ்சள் வரத்து தொடங்கியிருந்த ஒரு மாசி மாதத்தில், நாங்கள் அனுப்பிய புதிய பதிப்பை நிறுவிய மறுநாள் மாலையே மண்டிக் கணக்குப்பிள்ளையிடமிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, சீட்டுல மஞ்சள்ங்கற எழுத்தே ஒடைஞ்சு வருதுங்க. பெரியவரு ஒருத்தரு இது செல்லுமானு கேட்டுட்டுத் திருப்பிக் குடுத்துட்டாருங்க" என்றார். காலையில் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, அவர் அனுப்பிய படத்தை இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டு முழுவதும் கெட்டிருந்தால் எழுத்துருவையோ அச்சுப்பொறியையோ சந்தேகித்திருப்பேன். ஆனால் 'விரலி', 'எடை', 'விலை', 'தொகை', 'தேதி', 'கூலி' ஆகிய சொற்கள் எந்தக் குறையுமின்றி இருந்தன. 'மஞ்சள்', 'கிழங்கு', 'மூட்டை', 'மொத்தம்', 'பெயர்' ஆகியவை மட்டும் இடையிடையே கட்டமும் கேள்விக்குறியுமாகச் சிதைந்திருந்தன. அதைவிட வியப்பு, 'பெயர்' என்ற தலைப்பு சிதைந்திருக்க, அதற்கு எதிரே 'முத்துசாமி' என்று விவசாயியின் பெயர் புள்ளியோடும் உகரத்தோடும் செம்மையாக அச்சாகியிருந்தது.

சிதைந்த சொற்களை ஒரு தாளில் எழுதி, எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஒழுங்கு தெரிந்தது. புள்ளி வரும் இடமும், 'கு', 'து' போன்ற உகரக் குறி வரும் இடமும் மட்டுமே உடைந்திருந்தன. கணினி எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக, அதாவது மூன்று எண்களாக, சேமிக்கப்படுகிறது. புள்ளிக்கு 224, 175, 141 என்ற எண்களும், உகரக் குறிக்கு 224, 175, 129 என்ற எண்களும் உரியவை. ஆங்கில விண்டோஸ் கணினிகளில் வழக்கமாக இருக்கும் விண்டோஸ்-1252 என்ற குறியாக்கத்தில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் எந்த எழுத்துக்கும் ஒதுக்கப்படாமல் வெறுமையாக உள்ளன. யாரோ எங்கள் கோப்பை யுடிஎஃப்-8 என்று அறியாமல் விண்டோஸ்-1252 என்று எண்ணிப் படித்து, அதே முறையில் திரும்ப எழுதியிருக்கிறார்கள். மற்ற பைட்டுகள் தவறாகப் படிக்கப்பட்டாலும் எழுதும்போது பழைய எண்ணாகவே திரும்பிவிடுகின்றன. வெறும் இடத்தில் விழுந்தவை மட்டும் கேள்விக்குறியாக மாறிவிடுகின்றன. 'ஏ', 'ஐ' என்ற தனி எழுத்துகளின் இறுதி பைட்டு முறையே 143, 144 என்பதால், சொல்லின் தொடக்கத்தில் வரும் அவையும் இதே கதிக்கு ஆளாகும். 'ஏலம்' என்ற சொல்லைச் சோதித்தபோது அப்படியே ஆயிற்று.

அந்த 'யாரோ' எங்கள் பில்டு கருவியான, அதாவது நாங்கள் எழுதும் நிரலை நிறுவத்தக்க மென்பொருளாகக் கட்டித்தரும் கருவியான, மேவன்தான். சீட்டின் அடியில் மென்பொருளின் பதிப்பு எண் அச்சாக வேண்டும் என்பதற்காக, சீட்டு வார்ப்புருவில் ஓர் இடத்தை விட்டு, பில்டு நடக்கும்போது மேவன் அதில் எண்ணை நிரப்பும்படி செய்திருந்தோம். வடிகட்டல் எனப்படும் இந்த வேலை இல்லாவிட்டால் மேவன் கோப்பைப் பைட்டு மாறாமல் நகலெடுக்கும். வடிகட்டச் சொன்னால் அதை எழுத்துகளாகப் படித்து மீண்டும் எழுத வேண்டும். எந்தக் குறியாக்கத்தில் படிப்பது என்று நாம் சொல்லவில்லையென்றால், ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் இயல்புக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். விவசாயியின் பெயர் தரவுத்தளத்திலிருந்து நேரே வந்ததால் தப்பியது. மேவன் இதை மறைக்கவும் இல்லை. கணினியின் குறியாக்கத்தைப் பயன்படுத்துகிறேன், ஆகவே இந்த பில்டு கணினிக்குக் கணினி மாறக்கூடும் என்று ஒவ்வொரு முறையும் ஓர் எச்சரிக்கை வரியை எழுதிக்கொண்டுதான் இருந்தது. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் திரையில் அதை எங்களில் யாரும் படிக்கவில்லை.

அப்படியானால் மூன்று ஆண்டுகளாக ஏன் சரியாக இருந்தது? பதிப்புகளை உருவாக்கிவந்த பழைய கணினி, மின்சாரம் ஏறி இறங்கியதில் எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி போய் மூலையில் கிடந்தது. அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் பொருத்தி, பயனர் கோப்புறையில் இருக்கும், மேவனுக்கான அமைவுகளைக் கொண்ட செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தேன். அதில் எப்போதும் செயல்படும்படி குறிக்கப்பட்ட ஒரு புரொஃபைல், அதாவது ஒன்றாக இயக்கவோ அணைக்கவோ கூடிய அமைவுத் தொகுப்பு, இருந்தது; அதற்குள் ஒரே ஒரு வரி, கோப்புகளின் குறியாக்கத்தைச் சொல்லும் 'ப்ராஜெக்ட்.பில்டு.சோர்ஸ்என்கோடிங்' என்பதன் மதிப்பு யுடிஎஃப்-8. எங்களோடு வேலை செய்து பிறகு பெங்களூருக்குச் சென்றுவிட்ட நண்பர் ஒருவர், எப்போதோ இதே சிக்கலைச் சந்தித்து, அந்தக் கணினியில் மட்டும் சரிசெய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார். தீர்வு சரி, வைத்த இடம் தவறு.

மேவனில் ஓர் அமைவை வைக்கப் பல இடங்கள் உண்டு. மேவனை நிறுவிய கோப்புறையில் அந்தக் கணினிக்கு முழுவதற்குமான செட்டிங்ஸ் கோப்பு இருக்கிறது. பயனரின் வீட்டுக் கோப்புறையில் அவருக்கு மட்டுமான செட்டிங்ஸ் கோப்பு இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டால் பயனருடையதே நிற்கும். திட்டத்தோடு கூடவே பயணிப்பது, திட்டத்தை விவரிக்கும் பாம்.எக்ஸ்எம்எல் கோப்பு; செட்டிங்ஸில் செயல்படும் புரொஃபைலோடு முரண்பட்டால் இது விட்டுக்கொடுத்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் கடைசியாக, கட்டளை வரியில் நாம் தட்டச்சு செய்யும் மதிப்பு. காலிங்கராயன் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும், எந்தப் பாத்திக்குப் பாய வேண்டும் என்பதைக் கடைசி மடையில் மண்வெட்டியோடு நிற்பவர்தான் முடிவு செய்கிறார் அல்லவா. மேவனிலும் முடிவு செய்வது கடைசியில் நிற்பவர்தான். வரிசையைத் தெரிந்துகொள்வது எளிது. எந்த அமைவுக்கு எது வீடு என்று முடிவு செய்வதில்தான் நாங்கள் தவறியிருந்தோம்.

இப்போது நான் ஒவ்வோர் அமைவையும் ஒரே கேள்வியால் சோதிக்கிறேன்: இதை நீக்கினால் வெளியே வரும் பொருள் மாறுமா? மாறும் என்றால் அது பாம் கோப்பில்தான் இருக்க வேண்டும். எழுத்துக் குறியாக்கமும், நாங்கள் நிரல் எழுதும் ஜாவா மொழியின் எந்தப் பதிப்பில் ஓடுவதற்காகக் கம்பைல் செய்கிறோம், அதாவது நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றுகிறோம், என்பதும் அந்த வகை. பொருள் மாறாமல், அது எப்படி வந்து சேர்கிறது என்பது மட்டும் மாறினால், அது அந்தக் கணினியின் சொந்த விஷயம். உதாரணமாக, இணைய வேகத்தை மிச்சப்படுத்த மென்பொருளுக்குத் தேவையான நிரல் நூலகங்களை எல்லாம் அலுவலகச் சர்வரிலேயே சேமித்து, இணையத்துக்குப் பதிலாக அங்கிருந்து இறக்கும்படி அதையே மிரராகக் காட்டியிருக்கிறோம். கோபிசெட்டிபாளையத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யும் தோழிக்கு அந்தச் சர்வர் எட்டாது. மிரர் முகவரியைத் திட்டத்துக்குள் எழுதினால் அவருடைய பில்டு முதல் நூலகத்திலேயே நின்றுவிடும். மிரர், இணையத்துக்கு இடையில் நிற்கும் புராக்ஸி சர்வர், நூலகங்களைச் சேமிக்கும் வட்டு ஆகியவை செட்டிங்ஸ் கோப்புக்கே உரியவை.

கடவுச்சொற்களைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. அவை ஒருநாளும் திட்டத்துக்குள் வரக்கூடாது. செட்டிங்ஸ் கோப்பிலும் நேராக எழுதாமல், கணினியின் இயங்குதளம் தனியே வைத்திருக்கும் சூழல் மாறியிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி எழுத மேவன் இடம் தருகிறது. அப்படியே செய்திருக்கிறோம்.

குறியாக்க வரியைப் பாம் கோப்புக்கு மாற்றியதோடு வேலை முடிந்தது என்று எண்ணியிருந்த நேரத்தில், இரண்டு மாதம் கழித்து அதே கதை வேறு உருவத்தில் வந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் உருவாக்கிய பதிப்பு மண்டிக் கணினியில் திறக்கவே மறுத்தது. கம்பைல் செய்து கிடைத்த வகுப்புக் கோப்பின் பதிப்பு 61, இந்த ஜாவாவுக்கு 55 வரைதான் தெரியும் என்று பிழைச்செய்தி சொன்னது. அதாவது ஜாவா 17க்காகக் கம்பைல் செய்யப்பட்டதை ஜாவா 11இல் ஓட்டப் பார்க்கிறோம். எங்கள் பாம் கோப்பில் 11 என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் அவர் முந்தைய வேலைக்காகத் தம் செட்டிங்ஸ் கோப்பில் ஒரு புரொஃபைல் எழுதி, அதில் அதே அமைவின் பெயருக்கு 17 என்று கொடுத்திருந்தார். செட்டிங்ஸில் செயல்படும் புரொஃபைலின் மதிப்பு, பாம் கோப்பில் இருக்கும் அதே பெயர் கொண்ட மதிப்பை வென்றுவிடும். அவர்மீது எந்தத் தவறும் இல்லை. முதல் முறை கடைமடையில் ஆள் நின்றதால் எல்லாம் சரியாக நடந்தது. இம்முறை கடைமடையில் ஆள் நின்றதே சிக்கலாயிற்று.

ஆகவே மதிப்பைச் சரியான இடத்தில் எழுதுவது மட்டும் போதாது, கடைசியில் எந்த மதிப்பு நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். இதற்கு மேவனின் ஹெல்ப் செருகுநிரலில் இரண்டு கட்டளைகள் உள்ளன. 'எஃபெக்டிவ்-செட்டிங்ஸ்' என்பது எல்லா செட்டிங்ஸ் கோப்புகளையும் ஒன்றாக்கிக் காட்டும். கடவுச்சொற்களை அதுவே மறைத்துவிடும். 'எஃபெக்டிவ்-பாம்' என்பது புரொஃபைல்களும் தாய்த் திட்டத்திலிருந்து வந்தவையும் கலந்தபின் உண்மையில் மேவன் எதைக் கையில் வைத்திருக்கிறது என்பதைக் காட்டும். இரண்டு கணினிகளில் இந்த இரண்டாவது கட்டளையை ஓட்டி, கிடைத்த கோப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட்டால், வேறுபடும் வரிகள் தாமாகவே கண்ணில் படும். பழைய கணினி அணைந்து கிடந்தாலும், அன்று இரவு என் கணினியில் மட்டுமாவது இதை ஓட்டிக் குறியாக்க வரி இல்லை என்று பார்த்திருந்தால், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றும்போது எதைத் தேட வேண்டும் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்கும்.

மனிதர் கண்ணை நம்புவதைவிட பில்டையே நிற்கச் செய்வது மேல் என்பதால், என்ஃபோர்சர் செருகுநிரலையும் சேர்த்தோம். குறியாக்கம் யுடிஎஃப்-8 ஆகவும், ஜாவா இலக்கு 11 ஆகவும் இல்லையென்றால், யார் கணினியாக இருந்தாலும் அங்கேயே நிற்கும். மேவனின் பதிப்பையும் ஆளுக்கொன்றாக விடாமல், குறித்த மேவன் பதிப்பைத் தானே இறக்கி ஓட்டும் ராப்பர் மூலம் திட்டத்துக்குள்ளேயே குறித்துவிட்டோம். புதிதாக வருபவர் மேவனைத் தனியாக நிறுவத் தேவையில்லை.

புரொஃபைல்களில் இன்னொரு பொறி உண்டு, அதில் நாங்கள் மயிரிழையில் தப்பினோம். பாம் கோப்பில் ஒரு புரொஃபைலை 'இயல்பாகச் செயல்படட்டும்' என்று குறித்தால் அது எப்போதும் செயல்படும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதே கோப்பில் உள்ள வேறு எந்தப் புரொஃபைலையாவது இயக்கிய உடனே, இயல்பாகக் குறித்தது அணைந்துவிடும். சோதனை அச்சுப்பொறிக்காக ஒருவர் ஒரு புரொஃபைலைச் சேர்த்து இயக்கினால், அதுவரை இயல்பாக இருந்த தரவுத்தள அமைவுகள் சத்தமில்லாமல் போய்விடும். தவறாமல் இருக்க வேண்டிய எதையும் நான் இப்போது புரொஃபைலுக்குள் வைப்பதில்லை. பாம் கோப்பின் பொதுப் பகுதியிலேயே எழுதுகிறேன்.

ஜாவா 18க்கு மாறினால் குறியாக்கச் சிக்கலே இராது என்று ஒரு நண்பர் சொன்னார். 2022இல் வந்த அந்தப் பதிப்பு முதல் எந்தக் கணினியிலும் இயல்புக் குறியாக்கம் யுடிஎஃப்-8 ஆக்கப்பட்டது உண்மைதான், தமிழில் எழுதுபவர்களுக்கு அது பெரிய நன்மையும் ஆகும். ஆயினும் கட்டளை வரியிலோ சூழல் மாறியிலோ அதை ஒருவர் மாற்ற முடியும். மேலும் எங்கள் கணினிகளில் சில இன்னும் ஜாவா 11இலேயே ஓடுகின்றன. ஒரு வரியை எழுதி வைப்பதில் செலவு ஒன்றுமில்லை.

சென்ற வாரம், எந்த செட்டிங்ஸ் கோப்பும் இல்லாத புதிய கணினி ஒன்றில் திட்டத்தை இறக்கி, ராப்பரை மட்டும் ஓட்டி ஒரு பதிப்பை உருவாக்கினோம். அதிலிருந்து அச்சிட்ட சீட்டை மண்டிக்கு எடுத்துச் சென்றேன். கணக்குப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டு, 'மஞ்சள்' என்ற சொல்லின் இரண்டு புள்ளிகளையும் விரலால் தொட்டுப் பார்த்து, "இப்ப செல்லுமுங்க" என்றார். கொப்பரை ஏலத்துக்காக எழுதிய பழைய திட்டம் ஒன்று இன்னும் அதே எச்சரிக்கை வரியோடு ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை அதன் பாம் கோப்பைத் திறக்கிறேன்.