கட்டம் அழிக்காத முகம்

சினிமா பேனர் வரைகிறவனுக்கு முகம் என்றால் அடுத்தவர் முகம்தான். அண்ணா சாலையில் பஸ்ஸில் போகிறவர் ஒரு பார்வையில் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், அவ்வளவே. படத்தின் ஸ்டில் போட்டோ மேல் கட்டம் போடுவோம். துணியில் அதே கட்டத்தைப் பெரிதாக்கி, நூல் தட்டிக் கோடு போடுவோம். அப்புறம் கட்டம் கட்டமாக முகம் ஏறும்: கன்னத்தில் ரோஸ், நிழலுக்கு நீலம் அல்லது பச்சை. கிட்டே போனால் திட்டுத் திட்டாக வண்ணம் மட்டும் தெரியும். எதிர்ச்சாரியில் நின்றால் எம்.ஜி.ஆர். ஃப்ளெக்ஸ் வந்தது, பிழைப்பு போனது. அதை நீட்டிப் புலம்ப விருப்பமில்லை.

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் கொஞ்ச காலம் தங்கி வரைய இடம் கிடைத்தபோது, ஓவியர்கள் நடுவே பேனர்காரனுக்கு என்ன வேலை என்று கூச்சமாக இருந்தது. அந்த ஊர் உருவான கதையைக் கேட்டதும் கூச்சம் போய்விட்டது. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் 1966-இல் தொடங்கிய கிராமம் அது. நிலம் வாங்கப் பணம்? மெழுகு உருக்கி, துணியைச் சாயத்தில் முக்கி, பத்திக் துணி விற்றுச் சேர்த்திருக்கிறார்கள். கைத்தொழில் சோறு போட, படம் அதன் போக்கில் வளர்ந்தது. 'கமர்ஷியல் ஆர்ட்டிஸ்ட்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அங்கேதான் என்னையே வரையலாம் என்று தோன்றியது. ஸ்டில் அசையாது, கண்ணாடியில் இருக்கிற ஆள் சும்மா இருப்பதில்லை. கித்தானைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் தாடை இறங்கியிருக்கும், கண் வேறெங்கோ போயிருக்கும். போதாததற்கு, கைக்கெட்டும் தூரத்தில் முகம் பார்த்து எனக்குப் பழக்கமே இல்லை. கண்ணாடியை வராந்தாவின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தேன். கடல் வெளிச்சத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்த பிறகுதான் முகம் பிடிபட்டது: நெற்றி ஒரே திட்டு, மூக்கின் ஓரம் ஒரு பச்சை, கண்ணுக்குக் கீழே பழைய சுவர் மாதிரி ஒரு காவி. தட்டைப் பிரஷ்ஷை எடுத்து, பேனருக்கு இழுப்பதுபோலவே இழுத்தேன்.

வழக்கமாகக் கடைசியில் பெயிண்டுக்குள் மறைந்துபோகும் கட்டக் கோடுகளை இதில் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். புருவத்தின் குறுக்கே ஒன்று, உதட்டின் மேல் ஒன்று. பக்கத்து ஸ்டூடியோ சிற்பி வந்து பார்த்தார்.

"கோட்டை அழிக்கலையா அண்ணே?"

"அதுவும் என் மூஞ்சிதான் தம்பி" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். அடுத்து வீட்டுக்காரியை வரைய ஆசை. அவளுக்குத்தான் உட்கார நேரமில்லை.