கண் திரும்பினால் போதாது, கழுத்தும் திரும்ப வேண்டும்: ஒன்டாரியோவில் உரிமம் எடுத்த அனுபவம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் முழு ஓட்டுநர் உரிமமான ‘ஜி’ ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஊரில் பல ஆண்டுகள் கார் ஓட்டிய தெம்போடு டொராண்டோவுக்கு வருகிறவர்களில் பலர் தடுமாறும் இடம், லேன் மாறுவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டிய அந்த அரை நொடிதான். என்னை ஒரு முறை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதும் அதுவே. இனி வருகிறவர்களுக்குப் பணமும் நேரமும் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் எரிச்சல் எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படியான ‘ஜி1’ எழுத்துத் தேர்வில் சொல்ல ஒன்றுமில்லை. மொத்தம் 40 கேள்விகள். விதிகளிலும் குறியீடுகளிலும் தனித்தனியே 20-க்கு 16 எடுத்தால் போதும். விரும்பினால் தமிழிலேயே எழுதலாம்.

தொல்லை காகிதத்தில் தொடங்கியது. ஊரில் ஓட்டிய அனுபவத்தில் 12 மாதங்கள் வரை நாமே எழுதிக் கையொப்பமிட்டால் இங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். அதற்கு மேற்பட்ட அனுபவம் கணக்கில் சேர வேண்டுமானால், உரிமம் கொடுத்த அலுவலகத்திலிருந்தோ தூதரகத்திலிருந்தோ அதை உறுதிப்படுத்தும் அசல் கடிதம் வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் என்று நிரூபித்தால் இடைநிலை உரிமத்துக்கான ‘ஜி2’ சாலைத் தேர்வைத் தாண்டி நேராக ‘ஜி’ தேர்வுக்கே போகலாம். அப்பா அலைந்து திரிந்து வாங்கி அனுப்பிய சான்றில், நான் கடைசியாக உரிமத்தைப் புதுப்பித்த தேதியே முதலில் வழங்கிய தேதியாக அச்சாகியிருந்தது. அப்பா மறுபடியும் போய்க் கேட்டபோது, “பழைய ரெஜிஸ்டர் இன்னும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை சார், இருப்பதைத்தான் கொடுக்க முடியும்” என்று பதில் வந்ததாம். இங்கே கவுன்டரில் இருந்தவர் அந்தத் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் நகர்த்தி வைத்தார். ஆகவே கிளம்பும் முன்பே, முதன்முதலில் உரிமம் வழங்கிய தேதி தெளிவாக இருக்கும்படி சான்றைக் கையோடு வாங்கிவிடுங்கள். நான் ‘ஜி2’-விலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அந்தச் சாலைத் தேர்வில் வண்டி எங்கும் முட்டவில்லை, சிக்னல் தவறவில்லை, பார்க்கிங்கும் சுத்தமாக அமைந்தது. திரும்பி வந்து நிறுத்தியதும் தேர்வாளர் காட்டிய முடிவுத் தாளில், இடதுபுற லேன் மாற்றம், வலதுபுற லேன் மாற்றம், சாலையோரத்திலிருந்து கிளம்பியது என மூன்று இடங்களிலும் பிளைண்ட் ஸ்பாட்டை, அதாவது கண்ணாடிகளில் படாத பக்கவாட்டுப் பகுதியை, பார்க்கவில்லை என்று குறித்திருந்தது. ஒவ்வொரு முறையும் கண்ணாடியைப் பார்த்துப் பக்கவாட்டிலும் ஒரு பார்வை விட்டேன் என்று நான் சொன்னதற்கு அவர், “நீங்கள் பார்த்திருக்கலாம், பார்த்ததை நான் பார்க்கவில்லையே” என்றார். கோபம் வந்தாலும், பக்கத்து இருக்கையில் இருப்பவரால் நம் கருவிழி எங்கே ஓடுகிறது என்று எப்படிக் கணிக்க முடியும் என்ற நியாயம் வீட்டுக்குப் போகும் வழியில் உறைத்தது. அதை அவர் தேர்வுக்கு முன்பே ஒரு வரி சொல்லியிருக்கலாம் என்ற என் மனக்குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

அதன் பிறகு டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் வகுப்பிலேயே தன் கைப்பேசியை டாஷ்போர்டில் என் முகம் தெரியும்படி வைத்து, நான் ஓட்டுவதைப் படம்பிடித்துக் காட்டினார். படத்தில் என் கண்கள் ஓரத்துக்குப் போய்த் திரும்புகின்றன. தலையோ சாமி சிலை மாதிரி நேராகவே நிற்கிறது. “தம்பி, கண்ணை மட்டும் உருட்டினா அவைக்கு விளங்காது. நாடி தோளைத் தொட வேணும், அவ்வளவுதான்” என்றார். அவை என்று அவர் சொன்னது தேர்வாளர்களை, நாடி என்றது தாடையை.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தத் திரும்பல் வெறும் தேர்வுச் சடங்கு இல்லை என்று என்னை நம்பவைத்தது. ஒரு கடைத்தொகுதியின் வாகன நிறுத்தத்தில் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, காருக்குப் பின்னாலிருந்து இடதுபுறமாக மெல்ல நடந்து வந்தார். நடுக்கண்ணாடியில் தெரிந்தவர் பக்கக் கண்ணாடிக்கு மாறினார். பின்கதவை நெருங்கியதும் அந்தக் கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி மறைந்தார். பிறகு என் ஜன்னலோரம் வந்த பிறகே கடைக்கண்ணில் பட்டார். பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஜாக்கெட் அணிந்த ஆறடி மனிதர், இடையில் சில எட்டுகள் வரை எந்தக் கண்ணாடியிலும் இல்லை.

ஊரில் இது எனக்கு ஏன் பிடிபடவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. அங்கே நான் ஓட்டிய காரில் இரண்டு பக்கமும் குவிந்த கண்ணாடி. உருவம் சிறிதாகத் தெரிந்தாலும் அகலமான பரப்பு அதில் அடங்கும். வட அமெரிக்கக் கார்களில் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி தட்டையானது. தூரத்தை உள்ளபடி காட்டும், ஆனால் பரப்பு குறுகிவிடும். வலப்பக்கக் கண்ணாடி மட்டுமே குவிந்தது. தெரியும் பொருள் உண்மையில் இன்னும் அருகில் இருக்கிறது என்ற எச்சரிக்கை அதன் மேலேயே பொறித்திருக்கும். ஒரே வண்டியில் இரண்டு கண்ணாடிகளும் இரண்டு விதமாகப் பேசுகின்றன என்பதை எனக்கு இங்கே எந்தக் கவுன்டரிலும் யாரும் சொல்லவில்லை.

அலுவலக நண்பர் ஒருவருக்கு இதில் உடன்பாடில்லை. பக்கக் கண்ணாடிகளைச் சரியாக வெளிப்புறம் விரித்து வைத்தால் தலையைத் திருப்பவே தேவையில்லை என்பது அவர் வாதம். அது வெறும் வீம்பு இல்லை. ஜார்ஜ் பிளாட்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1995-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கிய முறை அது: தலையை ஓட்டுநர் ஜன்னலில் சாய்த்துக்கொண்டு, நம் காரின் பக்கம் நூலிழை அளவுக்கு மட்டும் தெரியும் வரை இடக் கண்ணாடியை வெளியே திருப்ப வேண்டும், அதே அளவு நடுப்பக்கம் சாய்ந்து வலக் கண்ணாடியையும் திருப்ப வேண்டும். செய்து பார்த்தேன். பின்னால் வரும் கார் நடுக்கண்ணாடியை விட்டுப் போகும்போதே பக்கக் கண்ணாடியில் வந்துவிடுகிறது. அன்றிலிருந்து என் கண்ணாடிகள் அப்படித்தான் இருக்கின்றன. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பும் 133-ஆம் விதியில், லேன் மாறும் முன் கண்ணாடிகளைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் பக்கவாட்டில் சட்டென்று பார்க்கலாம் என்ற அளவிலேயே நிறுத்திக்கொள்கிறது. ஒன்டாரியோவின் கையேட்டில் அந்தத் ‘தேவைப்பட்டால்’ கிடையாது.

நான் ஒன்டாரியோ பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் டொராண்டோவின் குறுக்கே ஓடும் 401 நெடுஞ்சாலை. சில இடங்களில் 18 லேன்கள் வரை விரிந்து கிடக்கும் அந்தச் சாலையில், நான் வலக்கோடியிலிருந்து நடு லேனுக்கு நகரும் அதே கணத்தில் இடப்பக்கத்திலிருந்து இன்னொருவரும் அதே நடு லேனுக்கு இறங்கக்கூடும். நடு லேன் காலியாக இருக்கிறது என்று கண்ணாடி காட்டும், அது பொய்யுமில்லை. அதற்கு அடுத்த லேனிலிருந்து சிக்னல் போட்டுக்கொண்டு சரிகிறவரைத் தலையைத் திருப்பினால்தான் பார்க்க முடியும்.

திரும்புவதிலும் அளவு வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் கார் ஏறத்தாழ 28 மீட்டர் ஓடிவிடும். அந்த நேரத்தில் பின்கண்ணாடி வரை உடம்பைத் திருப்புகிறவரின் கையும் சேர்ந்தே திரும்பி, ஸ்டியரிங் அந்தப் பக்கம் இழுபடும். முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு, கண்ணாடிகளைப் பார்த்து, சிக்னல் போட்டு, முதுகு இருக்கையை விட்டு எழாமல் தாடையை மட்டும் தோள்வரை கொண்டுபோய், பின்கதவு ஜன்னல் வழியாகப் பார்த்த கையோடு நேரே திரும்பிவிட வேண்டும். வேகம் குறையக் கூடாது. இரண்டு லேன் தாண்ட வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இதே வரிசை. குளிர்காலத்தில் தேர்வு என்றால் தொப்பி வைத்த தடித்த ஜாக்கெட்டையும் கழுத்துத் துணியையும் காரில் ஏறியதும் கழற்றிவிடுங்கள்; திரும்பினால் துணிதான் தெரியும். கருப்புக் கண்ணாடி அணியும் பழக்கம் இருந்தால் அன்று ஒரு நாள் விட்டுவிடுவது உத்தமம். பக்கக் கண்ணாடியில் எரியும் எச்சரிக்கை விளக்கை நம்பித் தலையைத் திருப்பாமல் இருப்பவருக்கு மதிப்பெண் கிடைக்காது என்று பயிற்சியாளர் கண்டிப்பாகச் சொன்னார்.

அடுத்த முயற்சியில் ‘ஜி2’ கிடைத்தது. பிறகு ஓராண்டுக் காத்திருப்பு, அதன் பின் ‘ஜி’. கடந்த மூன்று மாதங்களில் நெடுஞ்சாலையில் எத்தனை முறை ஓட்டினோம் என்று தேர்வுக்கு முன் ஒரு படிவத்தில் கேட்பார்கள். போதிய பழக்கம் இல்லை என்று தெரிந்தால் தேர்வே நடக்காது என்பதால் முன்கூட்டியே ஓட்டிப் பழகிவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் சேர்ந்து கொஞ்ச தூரம் போனதும், இடப்பக்க லேனுக்கு மாறும்படி தேர்வாளர் சொன்னார். சிக்னல் போட்டுத் தலையைத் திருப்பினேன். பின்கதவை ஒட்டினாற்போல் ஒரு சின்னச் சாம்பல் நிறக் கார். மாறாமல் அப்படியே ஓட்டிக்கொண்டு, அது கடந்து போன பிறகு மறுபடி திரும்பிப் பார்த்து நகர்ந்தேன். தாமதித்ததற்குக் குறைப்பாரோ என்று உள்ளுக்குள் உதறல். நிலையத்துக்குத் திரும்பியதும் அவர் நீட்டிய முடிவில் லேன் மாற்றப் பகுதி சுத்தமாக இருந்தது. ஒரே குறை, இறங்கும் வளைவில் வேகத்தைக் கொஞ்சம் முன்னதாகவே குறைத்துவிட்டேனாம். அதற்கு நான் மறுபேச்சுப் பேசவில்லை.